அம்மா என்ன செய்தார் என்று எழுதுங்கள்

அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே வந்திருப்பவர்களில் சிலர் அம்மாவையோ பாட்டியையோ அண்மையில் இழந்தவர்கள். சிலருக்கு அவர்கள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் வயது ஏறிக்கொண்டே போகிறது, ஏதாவது செய்து வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. இரு சாராருக்கும் சேர்த்தே பேசுகிறேன். முதலில், போனவர்களைப் பற்றி. இருப்பவர்களைப் பற்றி அதன் பிறகு. அதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

நினைவுக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் மனமாரத்தான் பேசுகிறார்கள். "அன்பே உருவானவர், பொறுமையின் இருப்பிடம், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்கிறார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வாக்கியங்களில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இன்னொரு அம்மாவின் கூட்டத்தில் வாசித்தாலும் பொருந்திவிடும். உங்கள் பேச்சை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: பெயரை மாற்றினால் பொய்யாகிவிடும் வாக்கியம் எத்தனை இருக்கிறது? அவை மட்டும்தான் அவரைப் பற்றியவை.

அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வரும்? வினைச்சொல்லிலிருந்து. "ஜாக்கிரதையானவர்" என்று சொன்னால் காதில் விழுந்து போய்விடும். "கதவைப் பூட்டி, நாலு படி இறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்" என்றால் கேட்டவர் கண்ணில் ஒரு பெண் நிற்கிறார். "கடிதம் எழுதுவதில் பிரியம்" என்பதைவிட, "உறையை ஒட்டிய பிறகும் அதன் முதுகில் இன்னொரு வரி எழுதுவார்" என்பது அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு தாளை எடுத்து "அவர்" என்று தொடங்கி "வார்" என்று முடியும் இருபது வாக்கியம் எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். பத்துக்கு மேல்தான் அவர் வரத் தொடங்குவார். உடன்பிறந்தவர்கள் ஆளுக்கு இருபது எழுதிவிட்டு, அதன் பிறகு பரிமாறிக்கொள்ளுங்கள். ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

மேடையில் பேச வேண்டியவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்து நிமிடப் பேச்சுக்கு நானூறு, நானூற்றைம்பது சொல் போதும். துக்கத்தில் வேகம் குறையும், இடையில் தொண்டை அடைக்கும். பிறந்த தேதியிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். கண் கலங்கினால் சின்னத் திரை தெரியாது, கை நடுங்கினால் பக்கம் நகர்ந்துவிடும். வீட்டில் வாய்விட்டு மூன்று முறை படித்தால் எந்த வரியில் உடைகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் "நிறுத்து, தண்ணீர்" என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்த வரியை வெட்ட வேண்டியதில்லை. இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முடியாமல் போனால் அவர் எழுந்து தொடர்ந்து படிக்கட்டும்.

இனி, அவர் விட்டுச் சென்றவை. ஒருவர் போன பிறகு முதலில் மறந்துபோவது எது என்று பாருங்கள். பிறந்த தேதியும் படித்த பள்ளியும் ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்கும். பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கலாம். குரல் அப்படியல்ல. அவர் சொன்ன சொற்கள் நினைவில் நிற்கும். அவை ஒலித்த விதம் மெல்ல நழுவிப்போகும். அடுத்தது, பழைய புகைப்படத்தில் நிற்கிறவர்களின் பெயர்கள். ஆனால் குடும்பங்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகின்றன: வம்ச வரிசையை முதலில் எழுதுகிறார்கள், குரலைக் கடைசியில் தேடுகிறார்கள். குரலிலிருந்து தொடங்குங்கள்.

அம்மாவின் கைபேசி இணைப்பை அவசரப்பட்டுத் துண்டித்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு வரும் கடவு எண் இல்லாமல் அவருடைய கணக்குகள் பலவற்றைத் திறக்கவே முடியாமல் போகலாம். பயன்படுத்தாமல் விட்ட வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாளில் நீக்கப்படும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு யாரும் தொடாவிட்டால் அதுவும் நீக்கப்படலாம். அதற்குள், அவர் அனுப்பிய குரல் செய்திகளைப் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் தங்கள் தங்கள் கைபேசியிலிருந்து எடுத்து ஓர் இடத்தில் சேருங்கள். "வந்து சேர்ந்தியா?" என்ற நான்கு நொடிச் செய்திகூட வேண்டும். சொல்லப்போனால் அதுதான் முக்கியமாக வேண்டும்; கேமராவுக்கு முன்னால் பேசும் குரல் வேறு, பிள்ளையிடம் பேசும் குரல் வேறு.

வீட்டு வீடியோக்களையும் இதே காதோடு கேளுங்கள். பல வீடுகளில் அம்மா படத்தில் இருக்கவே மாட்டார். கேமராவைப் பிடித்திருப்பவர் அவராக இருப்பார், அல்லது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பார். முகம் இல்லாத அந்த வீடியோவில் குரல் தெளிவாக இருக்கும். புகைப்படத்திலும் அப்படித்தான்: நடுவில் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள், பின்னணியைப் பாருங்கள், கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைப் பாருங்கள். யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்துகொண்டிருக்கும் அவர் அங்கேதான் அகப்படுவார்.

பழைய கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பிலிப்ஸ் நிறுவனம் இந்தக் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963இல். உங்கள் கையில் இருப்பது நாற்பது வயதான நாடாவாக இருக்கலாம். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்தக் கருவியிலும் போடக்கூடாது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நாடாவுக்குப் பின்னால் சிறிய பஞ்சு மெத்தை ஒன்று இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மந்தமாகக் கேட்கும். குரல் அழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருகாணி போட்ட இன்னொரு கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் திரும்பக் கிடைக்கும். பிளேயரில் நாடா உரசும் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு, முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிவாகும்படி இணைத்துக்கொள்ளுங்கள். பலவீனமான நாடா இரண்டாவது முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

புகைப்படங்களில் சாதாரண அளவுப் பிரதிகளை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்தால் போதும். சின்னப் படங்களுக்கு அது போதாது. அம்மாவின் நல்ல முகப் படம் பாஸ்போர்ட் அளவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்ற நிலை நிறைய வீடுகளில் உண்டு. அதை 300இல் எடுத்தால் ஏறக்குறைய 410க்கு 530 பிக்சல்தான் கிடைக்கும், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1200இல் எடுத்தால் 1650க்கு 2125 வரும். நெகட்டிவ் இருந்தால் பிரதியை விட்டுவிட்டு அதையே எடுங்கள்; 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டம் 24க்கு 36 மி.மீ.தான், ஆகவே 2400க்குக் குறையாமல் வையுங்கள். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவில் சேமித்து, பகிர்வதற்குத் தனியாக அளவு சிறிய ஜேபெக் பிரதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டுடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய வண்ணப் படம் சிவந்து போயிருந்தால் பதற வேண்டாம், நீலச்சாயம் முதலில் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் செய்த பிறகு ஓரளவு சரிசெய்யலாம்.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. ஈரத்தில் இளகிய மேல்படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்; பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழவைத்து கேமராவில் எடுங்கள். பசைக்கோடு போட்ட ஆல்பத்தில் ஒட்டிய படத்துக்கு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே போகலாம். வராவிட்டால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கத்தில் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். பெயரை உறையில் எழுதுங்கள். எழுதும் விதத்தில் ஒரு பிழை எல்லா வீட்டிலும் நடக்கிறது: "அத்தை, பெரியம்மா, சின்னத் தாத்தா" என்று எழுதி வைக்கிறார்கள். யாருக்கு அத்தை? எழுதியவர் இருக்கும் வரை அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அவரும் போய்விட்டால் அந்த முகம் மறுபடி அநாமதேயமாகிவிடும். முழுப்பெயர், நினைவுகூரப்படும் அந்த ஒருவருக்கு இவர் என்ன உறவு, வீட்டில் கூப்பிட்ட பெயர், இந்த மூன்றையும் எழுதுங்கள். இடமிருந்து வலமாக, எந்த வரிசை என்பதையும் சொல்லுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் "1970களின் முற்பகுதி, மூத்தவர் பிறப்பதற்கு முன்" என்று தெரிந்த அளவு போதும். ஊகித்த ஆண்டை உறுதியானதுபோல் எழுதுவது, எழுதாமல் விடுவதைவிடக் கெடுதல். சேர்த்ததையெல்லாம் மூன்று பிரதியாக, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கும்படி வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவ்வளவு போதும், மேலே போகலாம்.

உடன்பிறந்தவர்கள் எழுதியதைச் சேர்க்கும்போது ஒரு சங்கடம் வரும். மூத்தவர் கண்ட அம்மா கண்டிப்பானவர், கடைக்குட்டி கண்ட அம்மா சிரித்துக்கொண்டே இருந்தவர். யார் சொல்வது சரி? இருவரும்தான். மூத்த பிள்ளையை வளர்த்தவருக்கு வயது இருபத்திரண்டு. கடைசிப் பிள்ளையை வளர்த்தவருக்கு முப்பத்தெட்டு. கையில் இருந்த பணம், உடல்நிலை, வீட்டில் உடனிருந்தவர்கள் எல்லாமே மாறியிருக்கும். இரண்டையும் யார் சொன்னது என்று குறித்து அப்படியே எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அவருடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் நிறைவேறாத ஆசையையும் விட்டுவிடாதீர்கள். குறையே இல்லாத பெண்ணாக எழுதினால், அவரைப் பார்த்திராத கொள்ளுப்பேத்திக்குச் சட்டம் போட்ட படம் ஒன்றுதான் கிடைக்கும். பாட்டி கிடைக்க மாட்டார். உயிரோடு இருக்கும் ஒருவரைப் புண்படுத்தக்கூடிய செய்தி இருந்தால் தனி உறையில் வைத்து, எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். கிழித்துப் போட வேண்டாம்.

இனி இருப்பவர்களிடம் வருகிறேன்.

வாழ்ந்தவர்களையே பேசவைத்துப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாறு என்று ஒரு துறை இருக்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948இல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் அதற்கு ஒரு மையம் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே பதிவானவை பெரும்பாலும் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்களின் நினைவுகள். வீட்டுக்குள் இருந்த பெண்ணிடம் ஒலிப்பதிவுக் கருவி போய்ச் சேர இன்னும் காலம் எடுத்தது. 1963இல் மருத்துவர் ராபர்ட் பட்லர் ஒன்றை எழுதினார்: முதியவர்கள் பழசையே பேசுவதைத் தள்ளாமையின் அறிகுறி என்று ஒதுக்கக்கூடாது, தம் வாழ்க்கையைத் தாமே திரும்பிப் பார்த்துச் சீர்தூக்கும் இயல்பான வேலை அது. பாட்டி ஆரம்பித்ததும் "மறுபடியும் அதேயா" என்று எழுந்து போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், உங்கள் கைபேசி போதும். ஆனால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும், ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் தெரியும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மேசையில் கைபடும் ஒவ்வொரு தட்டும் இடியாக விழும். வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம். சட்டையில் குத்தும் காலர் மைக் என்றால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சங்கிலியும் துணி மடிப்பும் உரசாத இடத்தில். மெத்தை, திரை, துணிமணி நிறைந்த படுக்கையறை நல்லது. வெறுஞ்சுவரும் ஓடு பதித்த தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். செயலியில் "இரைச்சல் நீக்கம்" என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முதியவர்கள் வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தக் கருவி அதை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். முன்கூட்டியே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் பேசவைத்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, பிறகு தொடங்குங்கள். தேதி, இடம், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதை முதலில் வாயாலேயே பதிவுசெய்யுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரலுக்குள் அது இருக்கும்.

அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். யார் யார் இதைக் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். மறைத்து வைத்துப் பதிவு செய்வது வேண்டவே வேண்டாம், அவர் அம்மாவாகவே இருந்தாலும். பல்செட், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல்செட் இல்லாத பேச்சைப் பின்னால் எழுத்தில் எடுப்பது கஷ்டம். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். கேட்பவர் ஒருவர் போதும். "அது அந்த வருஷம் இல்லைம்மா" என்று திருத்துகிற பிள்ளை அறையில் இருந்தால் நாலாவது திருத்தத்தில் அவர் "நீயே சொல்லு" என்று விட்டுவிடுவார்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்றது" என்றுதான் பதில் வரும். வீட்டிலிருந்து தொடங்குங்கள். "பத்து வயசுல நீங்க இருந்த வீட்டு வாசல்ல நிக்கிறோம். உள்ளே போனா முதல்ல என்ன வரும்?" ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். யார் எங்கே படுத்தார்கள், இரவில் விளக்கு எங்கே இருந்தது, எந்தப் படி உடைந்திருந்தது. வீடு வந்துவிட்டால் மனிதர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். மூன்று நான்கு வயதுக்கு முந்தையது பெரும்பாலும் நினைவில் இருக்காது, கேட்டு வருத்த வேண்டாம். பத்திலிருந்து முப்பது வயது வரையிலான காலம்தான் முதியவர்களிடம் மிகத் தெளிவாகவும் நிறைவாகவும் இருக்கும். நமக்கு அது ஒரு வாய்ப்பு: அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் நம் அம்மாவாக இருக்கவில்லை. ஒரு பள்ளிச் சிறுமியாக, ஒருவருக்குத் தங்கையாக, யாருக்கோ தோழியாக இருந்தார்.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். பழைய நிகழ்ச்சி நடந்ததைவிட அண்மையில் நடந்ததாகவே மனசுக்குத் தோன்றும், அதனால் ஆண்டு பிசகும். "மூத்தவள் பிறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார். "ஏன் செஞ்சீங்க?" என்பது குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், "அப்போ என்ன ஆச்சு?", "கூட யார் இருந்தாங்க?", "அதை எப்படிச் செய்வீங்க, கையால காட்டுங்க" என்று கேளுங்கள். கையால் செய்யும் வேலையைச் சொல்லும்போது மட்டும் வீடியோ எடுங்கள்; முகத்தை விட்டுக் கையை எடுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முடித்துவிட்டார் என்று எண்ணி அடுத்த கேள்விக்குத் தாவுவதில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன; அந்த மௌனத்துக்குள் அவர் தேடிக்கொண்டிருப்பார். "இதை யார்கிட்டேயும் சொல்லாதே" என்று சொன்னால், அவர் பார்க்கும்படி பதிவை நிறுத்துங்கள்.

மறதி நோய் தொடங்கியவரிடம் "ஞாபகம் இருக்கா?" என்ற சொல்லே வரக்கூடாது. அவருக்கு அது பரீட்சை, தோற்றுப்போவோம் என்று தெரிந்த பரீட்சை. புதியவை முதலில் போகும், பழையவை பிந்தித்தான் போகும். ஆகவே இளமைக்கால இசையைப் போடுங்கள், ஒரே ஒரு படத்தைக் கையில் கொடுங்கள், ஆல்பத்தை மொத்தமாக நீட்டாதீர்கள். வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கதையை ஐந்து முறை சொன்னால் ஐந்து முறையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரோ ஓர் இடமோ கூடுதலாக வரும்.

எழுத்தில் எடுக்கும்போது ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர வேலை இருக்கும். தானாக எழுதித்தரும் செயலிகள் வந்துவிட்டன. அவை வட்டார வழக்கைப் புரிந்துகொள்ளாமல் அதைப் போல ஒலிக்கும் வேறொரு சொல்லைப் போட்டுவிடும். ஒலியோடு வைத்துச் சரிபாருங்கள். தயவுசெய்து அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். "போயிட்டு வந்துட்டேன்" என்றவர் "சென்று திரும்பினேன்" என்று பேசவில்லை. அவருக்கே உரிய சொற்களுக்குக் கடைசியில் ஒரு பட்டியல் போடுங்கள், எந்த நிமிடத்தில் சொன்னார் என்ற குறிப்போடு.

கடைசிச் சந்திப்பில் "நான் கேக்காம விட்டது என்ன?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். பிறகு நன்றி சொல்லி, தாளை மடித்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள், ஆனால் கைபேசியைத் தொடாதீர்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், "ஓடட்டும்" என்பார். பேட்டி முடிந்துவிட்டது என்ற நிம்மதியில்தான் பலர், "அப்புறம் இன்னொண்ணு" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர் எழுந்து, நாற்காலி நகர்ந்து, காலடி ஓசை வாசலைத் தாண்டிய பிறகு நிறுத்துங்கள்.